இந்திராணி மகாலின் எக்ஸ்ரே

ஜூன் 2, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு. காரணம் இரண்டு. சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைத்தால் எடை குறையும் என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது காரணம் பழிவாங்கல். அதைத் தேதி போட்டு முறையாகச் செய்தால்தான் உண்டு. தெருக்குழாயடியில் நின்று வாயாலேயே தீர்த்துக்கொண்டால் கோபம் ஆறிப்போகும். எனக்கு ஆறக்கூடாது.

காலை: இட்லி மூன்று. (ஐந்து.)
எடை: எண்பது. வீட்டுத் தராசு வேறு ஏதோ காட்டுகிறது. அது பழைய தராசு.

என் வீட்டுக்காரர் குணசீலன் கட்டிலில் கிடக்கிறார். இடது முழங்காலுக்குக் கீழே தகடு வைத்திருக்கிறார்கள். துவாக்குடியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் காண்ட்ராக்டர் தியாகேசனிடம் இத்தனை வருஷமாக சைட் சூப்பர்வைசராக இருந்தவர். தியாகேசன் சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டினார். பெயர் 'இந்திராணி மகால்'. இந்திராணி அவர் மனைவி. மண்டபத்துக்கு முன்னால் தூண் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. போன மாதம், முதல் கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் செய்ய ஆட்கள் அதன் மேல் ஏறினார்கள். விரிசலைப் பார்த்துவிட்டு "இறங்குங்கடா" என்று கீழே நின்று கத்தியவர் இவர்தான். ஆட்கள் குதித்துத் தப்பினார்கள். பால்கனியில் பாதி இவர் காலில் விழுந்தது.

மறுநாளே தியாகேசன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "குணா கம்பியைத் தப்பா வச்சுட்டான். நம்பி விட்டது என் தப்பு."

இப்போது ஒரு பில்டரும் இவரைக் கூப்பிடுவதில்லை. போன் மணி அடித்தால் அது கேஸ் கம்பெனிதான். இவரோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

எனக்கும் இந்திராணிக்கும் தனிக்கணக்கு ஒன்று உண்டு. இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பால்கனிக்குக் கான்கிரீட் போடும் நாள். கம்பி கட்டி முடித்திருந்தது. வழக்கம்போல அதற்கு மேலேயே பூஜை வைத்தார்கள். தேங்காய், பூ, கம்பிகளுக்கு நடுவே காசு போடுவது எல்லாம் நடந்தது. பிறகு குடும்பப் படம். படம் எடுத்தவன் கீழே ரோட்டில் நின்றுகொண்டு "எல்லாரும் சிரிங்க" என்று கத்தினான். இந்திராணி காலில் மயில் வைத்த கொலுசு. கல்யாண வெள்ளி விழாவுக்குத் தியாகேசன் கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது. ஐம்பத்தைந்து வயதில் சலங்கை மாதிரி அதைப் போட்டுக்கொண்டு வருவாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே நாங்கள் பேச்சை மாற்றிவிட வசதியாக இருக்கும்.

சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போதுதான் ஒரு கால் கொலுசைக் காணோம் என்று தெரிந்தது. அதற்குள் மேலே கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். இந்திராணி நேராக என்னிடம் வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னை அக்கா என்பாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க வேதாக்கா. சும்மா ஒரு தடவை கைப்பையைத் திறந்து காட்டிடுங்க. எல்லார்கிட்டயும்தான் கேக்கறேன்."

எல்லாரிடமும் கேட்கவில்லை. நூறு பேர் பார்க்க நான் பையைத் திறந்தேன். உள்ளே பூஜைத் தட்டிலிருந்து எடுத்த வாழைப்பழம் இரண்டு, டிஷ்யூவில் மடித்த ஜாங்கிரி, பாதி மிக்சர் பொட்டலம்.

"அய்யோ பாவம்," என்றாள் இந்திராணி. "பசியா இருந்தா கேட்டிருக்கலாமேக்கா."

அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் இப்போது நான் செய்யப்போவது முழுக்க என் வீட்டுக்காரருக்காக.

ஜூன் 9, திங்கள்

கடவுள் இருக்கிறார். திருவெறும்பூரில் எங்கள் ஆபீசுக்கே வேலை வந்துவிட்டது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்திராணிக்குச் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கை கால் எக்ஸ்ரே எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எடுப்பது இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும். பாய்லர் குழாயில் வெல்டிங் சரியாக இருக்கிறதா, தூணுக்குள் கம்பி இருக்கிறதா என்று உடைக்காமல் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். எடுக்கிற ஆள் பாட்சா. அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து வாசிக்கிறவள் நான். இருபத்தாறு வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் ஓட்டையைப் பார்க்கும் வேலை. என் சுபாவத்துக்குப் பொருத்தமானது.

மண்டபத்தைத் திறக்க அனுமதி தரவேண்டிய இன்ஜினியர் நஸ்ரீன் மேடம், எஞ்சி நிற்கும் பாதிப் பால்கனிக்குள் என்ன இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டாராம். தியாகேசன் எங்கள் முதலாளி மேத்யூ சாரிடம் வந்திருக்கிறார். கம்பி தப்பாக இருந்தால் குணாவின் தலையில் எழுத்து மூலமாகவே கட்டிவிடலாம், வாசல் பால்கனியை மட்டும் மாற்றிவிட்டு மண்டபத்தைத் திறக்கலாம் என்பது அவர் கணக்கு.

மேத்யூ சாரிடம் உண்மையைச் சொன்னேன். "சார், அந்தச் சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதாப் போச்சு. நீங்க வாசிங்க. பாட்சா தனியா வாசிக்கட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா ரெண்டு பேரையும் வெளியே நிறுத்திட்டு நானே வாசிப்பேன்."

மதியம்: தயிர்சாதம். (அதற்கு முன் சாம்பார் சாதம்.)

ஜூன் 15, ஞாயிறு

படம் எடுக்கும் நாள். ரோட்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கதிர் எச்சரிக்கைப் பலகை மாட்டினோம். எஞ்சிய பால்கனிக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்தது. அடியில் ஃபிலிமை ஒட்டிவிட்டு, மேலே கதிர்க் கேமராவை வைத்துவிட்டுப் பாட்சா தள்ளி வந்துவிட்டான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இந்திராணி. ஒரு காலில் மட்டும் கொலுசு. மற்றதைத் திருடியவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று ஐந்து மாதமாக ஒற்றைக் கொலுசோடு நடக்கிறாள். பழிவாங்குவதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"வேதாக்கா, நீங்களா? ஆஸ்பத்திரில இன்னைக்கு லீவா?"

"கட்டடத்துக்கும் சீக்கு வருதுல்ல, அதான் வந்தேன்."

"இந்தக் கதிர் பட்டா குழந்தை பிறக்காதாமே?"

"உங்களுக்கு அந்தக் கவலை வேணாம் இந்திராணி. கயித்துக்கு அந்தாண்டையே நில்லுங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "குணா அண்ணன் மேல எங்களுக்குக் கோவம் இல்லக்கா. வயசாச்சு, கண்ணு தெரியல, கம்பியை அடியில வச்சுட்டாரு. விட்டுட்டோம். படத்துலயும் அதானே வரப்போவுது."

சிரித்தேன். பல் வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஃபிலிம் கழுவி வந்தது.

ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீளும் பால்கனியில், கம்பி மேல்பகுதியில் இருக்கவேண்டும். பாரம் ஏறும்போது மேல்பக்கம்தான் இழுபடும். இழுத்துப் பிடிப்பது கம்பி. அடியில் கிடந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

படத்தில் கம்பி வெள்ளைக் கோடாகத் தெரியும். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்க, கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டாம் முறை எடுப்போம். மேலே இருக்கும் கம்பியின் நிழல் நிறைய நகரும். அடியில் இருப்பது நகராமல் கிடக்கும்.

கம்பி நகரவில்லை. அடியில் கிடக்கிறது.

பாட்சா தனியாக வாசித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எனக்கும் அதேதான்க்கா."

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடவில்லை. (உண்மையிலேயே.)

ஜூன் 18, புதன்

இவரிடம் கேட்டே விட்டேன். கால் கட்டுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டே கேட்டேன், அப்போதுதான் எழுந்து போக முடியாது.

"கம்பி அடியில கிடக்குதுங்க."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப வச்சது நீங்கதானா?"

"நான் மேலதான் வச்சேன். சேர் போட்டுத்தான் வச்சேன்."

சேர் என்றால் உட்காருகிற நாற்காலி இல்லை. கம்பியை வளைத்துச் செய்த சின்ன முக்காலி. மேல் கம்பி கீழே இறங்காமல் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

"அப்புறம் எப்படி இறங்குச்சு?"

"கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி ஆள் ஏறி மிதிச்சா சேர் படுத்துரும். படம் எடுக்கறதுக்கு மொத்தக் கூட்டமும் அது மேல ஏறி நின்னுச்சு. இறங்குங்கன்னேன். பூஜைக்கு வந்தவங்களைக் காலைத் தூக்கச் சொல்றியான்னு தியாகு எல்லார் முன்னாடியும் கத்துனான். அப்புறம் கம்பியைத் தூக்கிவிட அரை மணி கேட்டேன். பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள போடுன்னுட்டான். போட்டேன்."

"இதை ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல? யார் யார் மிதிச்சாங்கன்னு பேரைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

இவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கூட்டம்னு சொன்னேன்ல. விடு வேதா."

இவருக்கு எப்போதும் ஊராரைக் காட்டிக்கொடுக்க மனசு வராது. நல்ல மனிதர். அதனால்தான் இந்தக் குடும்பத்தில் கெட்ட மனுஷி ஒருத்தி தேவைப்படுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

மேத்யூ சாரிடம் கெஞ்சி மறுபடி படம் எடுக்க வைத்தேன். நேராக எடுத்தால் சேரின் கால்கள் பெரிய கம்பிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இந்த முறை கேமராவைச் சாய்த்து வைத்தோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தியாகேசன் நின்று, "ஒரு தடவை பாத்தது போதாதா, அதான் அடியில இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"வியாதி தெரிஞ்சுபோச்சுண்ணே," என்றேன். "எங்கிருந்து ஒட்டுச்சுன்னு பாக்க வேணாமா?"

ஜூன் 23, திங்கள்

இதை நிதானமாக எழுதவேண்டும். இரண்டு வரியை எழுதி அடித்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

சேர்கள் இருக்கின்றன. இவர் சொன்னபடி முழத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் கால்களைப் பரப்பிக்கொண்டு, மிதிபட்ட நண்டு மாதிரி படுத்துக் கிடக்கிறது. ஆள் ஏறாத சுவரோரத்தில் மட்டும் இரண்டு சேர் நிமிர்ந்து நிற்கிறது, அங்கே கம்பியும் மேலேயே இருக்கிறது. சேர் வைக்காதவனுடைய பால்கனியில் இது எப்படி வரும்?

பூஜைக் காசுகள் வட்ட வட்டமாக வெள்ளையாகத் தெரிகின்றன. கம்பி ஒரே அளவாக இறங்கவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் தொட்டில் மாதிரி தொங்கியிருக்கிறது. ஒன்று நடுவில், காசுகளுக்குப் பக்கத்தில். அந்தக் குழியின் அடியில் மணிமணியாக ஒரு சங்கிலி சுருண்டு கிடக்கிறது. நடுவே மயில் கழுத்து. கொக்கி திறந்திருக்கிறது.

விளக்குப் பெட்டியின் முன்னால் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஆடை படிந்தது.

இரண்டாவது குழி பால்கனியின் வலது ஓரத்தில். நடுவில் இருப்பதைவிட ஆழம். அங்கே நல்ல கனமான யாரோ நின்றிருக்கவேண்டும். இந்திராணியின் நாத்தனாராக இருக்கும், அவளும் பூசினாற்போலத்தான் இருப்பாள். அன்று எடுத்த படம் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம் என்றால் சார்ஜ் இல்லை. பிறகு நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 25, புதன்

பாட்சாவும் தனியாக அதையே வாசித்திருக்கிறான். மேத்யூ சார் ஃபிலிமை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மேடம், ஆபரணமா?"

"அறிக்கைல எப்படி சார் போடறது?"

"கண்ணுல கண்டதைப் போடுங்க. யாரோடதுன்னு நமக்குத் தெரியாது அல்லே?"

"எனக்கு எப்படி சார் தெரியும்," என்றேன்.

'சங்கிலி வடிவ அந்நிய உலோகப் பொருள் ஒன்று' என்று போட்டேன். மேல் கம்பியைத் தாங்கும் சேர்கள் வைக்கப்பட்டிருந்தன, கான்கிரீட் போடும் முன் மேலிருந்து வந்த பாரத்தால் நசுங்கியிருக்கின்றன என்றும் போட்டேன். பாரம் எங்கிருந்து வந்தது என்று நஸ்ரீன் மேடம் தியாகேசனைக் கேட்டாராம். குணாவின் ஆட்கள்தான் கம்பி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று கூசாமல் சொல்லியிருக்கிறார் அந்த ஆள். சரி, என் முன்னிலையில் உடையுங்கள், பார்க்கலாம் என்று மேடம் ஜூலை ஆறாம் தேதி நாள் கொடுத்துவிட்டார்.

அந்த அந்நியப் பொருள் பற்றித் தியாகேசன் கேட்கவேயில்லை. கட்டுக்கம்பித் துண்டு என்று நினைத்திருப்பார். நானும் வாயைத் திறக்கவில்லை. தெருக்குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன், போனால் சொல்லிவிடுவேன். பன்னிரண்டு நாள் ஒரு செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிரசவத்தைவிடக் கஷ்டம்.

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே மண்டபத்து வாசலில் பாதித் தெரு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். இவரை ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றார். "உங்களுக்காக இல்ல, எனக்குத் துணைக்கு வாங்க" என்றேன். ஊன்றுகோலோடு வேப்பமரத்தடியில் நின்றார்.

கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் இறங்கியது. வெறும் கான்கிரீட்டாக விழுந்துகொண்டிருந்தது. முதல் சேர் நசுங்கி வெளியே வந்தபோது இவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நஸ்ரீன் மேடம் அதைக் கையில் வாங்கித் தியாகேசனிடம் காட்டினார்.

"சேர் இருக்கே சார். முதல்ல சூப்பர்வைசர் கம்பியைத் தப்பா வச்சார்னீங்க."

"வச்சிருப்பான் மேடம், அவன் ஆளுங்களே மிதிச்சிருப்பானுங்க."

பிறகு நடுப்பகுதி. பிரேக்கர்க்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார். குனிந்து, கான்கிரீட் கட்டி ஒன்றிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து, தூசியை ஊதினார். கறுத்துப்போயிருந்தது. ஆனால் மயில் மயில்தான்.

"யாரோ நகை இது," என்றார்.

இந்திராணி பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கெட்டிக்காரி, அதில் குறை சொல்லமாட்டேன். புடவையைத் தாழ்த்தி ஒற்றைக் கொலுசுக் காலை மூடினாள்.

வாயைத் திறந்தது தியாகேசன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

"அடியே இந்திரா, உன் கொலுசு. இங்கதான் கிடக்குது பாரு."



நஸ்ரீன் மேடம் கொலுசைப் பார்த்தார், இந்திராணியின் காலைப் பார்த்தார், கடைசியில் தியாகேசனைப் பார்த்தார். "அப்ப கம்பி மேல நின்னது வேலைக்காரங்க இல்லையா?"

தியாகேசனின் சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனது.

"போட்டோவுக்குச் சும்மா ஒரு நிமிஷம் நின்னோம் மேடம்," என்றாள் இந்திராணி. "நான் மட்டுமா நின்னேன்? எல்லாரும்தான் நின்னாங்க. வேதாக்கா கூட அந்த ஓரத்துல..."

அந்த நேரம் பார்த்து பிரேக்கர் மறுபடி ஆரம்பித்துவிட்டது. நல்ல சத்தம். நான்தான் கை காட்டினேன் என்று பாட்சா சொல்வது பொய்.

சத்தம் ஓய்ந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இந்திராணியின் முன்னால் போய் நின்றேன். ஆறு மாதமாகத் தினமும் மனதுக்குள் ஒத்திகை பார்த்த இடம். கைப்பையின் ஜிப்பை இழுத்து, நூறு பேர் பார்க்க வாயை விரித்து நீட்டினேன்.

"கொலுசைப் போட்டுக்கப் பை வேணுமா இந்திராணி? என்கிட்ட இருக்கு. திறந்தே வச்சிருக்கேன்."

உள்ளே வாழைப்பழம் இரண்டு இருந்தது. வேண்டுமென்றே வைத்துக்கொண்டு போனேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. டாக்டர் சர்க்கரை கூடாது என்றிருக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

தியாகேசன் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் பையோடு. நஸ்ரீன் மேடம் மண்டபத்தின் மற்ற இடங்களையும் படம் எடுக்கச் சொல்லிவிட்டாராம். இந்த முகூர்த்தத்துக்குத் திறக்க வழியில்லை.

"மனசுல வச்சுக்காத குணா. திரும்ப வந்துரு. ஆள் இல்லாம அல்லாடறேன்."

"கால் சரியாகட்டும் தியாகு."

"சரியானதும் வந்துருவல்ல?"

"வரமாட்டேன்."

இவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. நான் உள்ளே கரண்டியோடு காத்திருந்தது வீண். அவர் போனதும் கேட்டேன், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கக்கூடாதா என்று.

"அவன் கத்துனான்னு நான் வாயை மூடிக்கிட்டேன்ல வேதா. அதுக்கு யாரைத் திட்டறது?"

ஆப்பிள்: ஒன்று. (மூன்று. கோபத்தில்.)

ஜூலை 10, வியாழன்

மணி அடித்தது. கேஸ் கம்பெனி இல்லை. காட்டூரில் ஒரு பில்டர். ஆடி முடிந்ததும் வேலை தொடங்குகிறாராம். இவர் போனை வைத்துவிட்டு, ஊன்றுகோலைத் தேடாமல் நாலடி நடந்து, பிறகு ஞாபகம் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காட்டூர் வீட்டுக்கு இன்று தளம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூஜைத் தட்டில் ஜாங்கிரி. தொடவில்லை. (ஒன்று.)

கம்பி பளபளவென்று விரித்திருந்தது. வீடு கட்டுகிறவர் குடும்பம், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம் எல்லாம் சாரத்தில் ஏறி மேலே வந்துவிட்டோம். படம் எடுக்க ஒருவன் கீழே தயாராக நின்றான். நான் வழக்கம்போல ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றேன்.

இவர் ஊன்றுகோலை நின்றிருந்த பலகையில் தட்டினார். சின்னச் சத்தம்தான். கூட்டம் திரும்பியது.

"காசைப் போட்டாச்சுல்ல. எல்லாரும் இறங்குங்க. கம்பி மேல யாரும் நிக்கக்கூடாது. பலகை போட்டிருக்கேன், அது மேல நடந்து வாங்க."

வீடு கட்டுகிறவரின் மச்சான் ஒருவர் முறைத்தார். "ஒரே ஒரு போட்டோங்க. நல்ல காரியத்துல போய்..."

"கீழ நின்னு எடுத்துக்குங்க. நீங்க இறங்குறவரைக்கும் கான்கிரீட் வண்டி நிக்கட்டும். ராகுகாலம் வந்தா வரட்டும்."

ஒருவரும் அசையவில்லை. முதலில் யார் இறங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. தை மாதத்திலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னார்.

"வேதா, நீ முதல்ல இறங்கு."

இறங்கினேன். எனக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள்.

இரவு: தோசை இரண்டு. (இரண்டேதான்.)
எடை: எண்பத்தேழு.